பார்க்கிற கண்ணுக்குத் தரையா, மிதிக்கிற காலுக்குத் தரையா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், டைல்ஸ் போட யோசிப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குக் காபட் அனுப்ப நினைப்பவர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள். வயதான உம்மா வாப்பாவோ, முட்டு வருத்தம் உள்ள பிள்ளையோ வீட்டில் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

போன வருடம் ஒரு நாள். சுபஹ் பாங்குக்குக் கொஞ்சம் முந்திய நேரம். பிள்ளைகள் எழும்பிவிடுவார்கள் என்று உம்மா லைட் போடவில்லை. பாத்ரூமில் வுழூ செய்துவிட்டு வெளியே கால் வைத்தார். இரண்டாவது அடியில் விழுந்தார். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது சுவரோடு சாய்ந்து கிடந்தார்.

"ஒண்டுமில்ல மகள், கால் வழுக்கிட்டு. என்னத் தூக்கி விடு, சுபஹுக்கு நேரம் போகுது."

தூக்க முடியவில்லை. தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். மூன்று மாதம் கட்டிலில். 71 வயது வரைக்கும் யாரிடமும் ஒரு கோப்பை தண்ணீர் கேட்காத மனுஷி, பாத்ரூமுக்குப் போக என் கையைப் பிடிக்க வேண்டி வந்தது. இன்று அல்ஹம்துலில்லாஹ் வோக்கரைப் பிடித்து நடக்கிறார். ஆனால் பழைய உம்மா இல்லை. வெளியே போகப் பயப்படுகிறார்.

எல்லாரும் "கத்ர்" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அந்த டைல்ஸைத் தெரிவு செய்தது நான். அதைக் கத்ர் தலையில் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது.

ஏழு வருடத்துக்கு முன் வீட்டைத் திருத்தினோம். டைல்ஸ் கடையில் ஒரு பொடியன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தான். "டீச்சர், முகம் பாக்கலாம்" என்றான். பார்த்தேன். என் முகம் தெரிந்தது. அதே இடத்தில் முடிவு செய்துவிட்டேன். பக்கத்தில் சொரசொரப்பான, பளபளப்பில்லாத டைல்ஸும் இருந்தது. விலையும் குறைவு. "அது ஊத்தை தெரியும், பழசு மாதிரி கிடக்கும்" என்று ஒதுக்கினேன். இன்றைக்கும் அந்த லோன் என் சம்பளத்தில் கழிகிறது.

ஈரக்காலில் அது எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கூட நான் கேட்கவில்லை. தரம் 10க்கு உராய்வு படிப்பிக்கிற விஞ்ஞான ஆசிரியை நான்.

வாப்பா கட்டிய பழைய வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். சீமெந்துத் தரை. கிணற்றடியும் வுழூ செய்கிற இடமும் பின்வளவில். அங்கே சொரசொரப்பான சீமெந்து. வுழூ செய்துவிட்டு மணலைக் கடந்து, படியில் கிடக்கும் சாக்கில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வருவதற்குள் கால் பாதி காய்ந்துவிடும். இப்போது அறையோடு ஒட்டிய பாத்ரூம். கதவைத் திறந்தால் கண்ணாடி போன்ற டைல்ஸ். தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுவந்தோம், அதே நேரம் தரையையும் வழுக்கலாக்கினோம்.

எங்கள் வீடுகளில் ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஈரக்கால் தரையில் படுகிறது. அதில் இரண்டு மூன்று தடவை இருட்டில், அரைத் தூக்கத்தில். வேறு எந்த வீட்டையும் விட எங்களுக்குத்தான் வழுக்காத தரை தேவை. அப்படியிருந்தும் பளபளப்பு டைல்ஸில் ஊருக்கு ஊர் போட்டி போடுகிறோம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி உலகில் ஒவ்வொரு வருடமும் சுமார் 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் வரும் மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிகமாக இறப்பவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள். வீதியில் ஹெல்மட் போடச் சொல்லி மகனோடு சண்டை பிடிக்கிறோம். வீட்டுக்குள் உம்மா நடக்கிற தரையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இனி கதையின் மற்றப் பாதி.

உம்மா விழுந்த செய்தி கேட்டு நானா கட்டாரில் இருந்து அழுதார். அடுத்த மாதமே ஒரு கூட்டாளி மூலம் காபட் வந்தது. நல்ல தடிப்பு, கால் புதையும். ஹோலுக்கும் உம்மாவின் அறைக்கும் சுவருக்குச் சுவர் விரித்தோம். "இனி உம்மா விழுந்தாலும் அடி படாது தங்கச்சி" என்றார்.

நானா சொன்னது பிழையில்லை. இங்கிலாந்தின் முதியோர் இல்லங்களில் செய்து 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காபட் விரித்த மரத்தரையில் விழுந்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவது குறைவாகத்தான் இருந்தது. காபட்டுக்கு எதிராக எழுதும்போது இதை மறைப்பது நியாயமில்லை.

ஆனால் உம்மாவோடு அந்த அறையில் படுப்பது என் கடைக்குட்டி. எட்டு வயது. சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம். காபட் போட்டு இரண்டு மாதத்துக்குள் இரவு இருமல் கூடியது. விடியற்காலையில் இழுப்பு. இரண்டு தடவை நெபுலைசர் போட ஓடினோம். மூன்றாம் தடவை வைத்தியர் மருந்தைப் பற்றிப் பேசாமல் வேறு ஒன்று கேட்டார். "பிள்ளை படுக்கிற அறையில காபட் இருக்கா?"

இருக்கிறது என்றேன். "அது மட்டும்தான் காரணம் எண்டு சொல்ல ஏலாது. ஆனா எடுத்துப் பாருங்க" என்றார்.

ஏன் எடுக்கச் சொன்னார் என்பதை எளிமையாகச் சொல்கிறேன். எங்கள் உடம்பிலிருந்து தோல் துகள்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். அதைச் சாப்பிட்டு வாழும் தூசு உண்ணி என்ற சிற்றுயிர் இருக்கிறது. ஒரு மில்லிமீற்றரில் கால்வாசி அளவு, கண்ணுக்குத் தெரியாது. அது கடிக்காது. அதன் எச்சம்தான் பிரச்சினை. காய்ந்து தூளாகி மூச்சோடு உள்ளே போனால், ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மூக்கு ஓடும், இழுப்பு வரும்.

இந்த உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தைத்தான் உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் உலர்ந்து செத்துவிடும். கச்சான் காற்றுக் காலத்தை விட்டால் எங்கட கரையோரத்தில் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேல்தான். அதாவது உண்ணிக்கு இது சொர்க்கம். மெத்தை, தலையணை, குஷன், காபட் எல்லாம் அதற்கு வீடு. உயிருள்ள உண்ணி இழையைப் பிடித்துக்கொண்டு இருப்பதால் வெக்யூம் கிளீனர் எல்லாவற்றையும் எடுக்காது. 60 பாகை செல்சியஸ் சுடுநீரில் கழுவினால் சாகும். போர்வையைக் கழுவலாம். சுவருக்குச் சுவர் ஒட்டிய காபட்டை யார் கழுவுவது?

காபட் தூசியைப் பிடித்து வைத்திருக்கும், வெறும் தரையில்தான் தூசி பறக்கும் என்று சிலர் சொல்வார்கள். அதிலும் ஓர் உண்மை இருக்கிறது. டைல்ஸ் தரையைக் காய்ந்த தும்புத்தடியால் விறுவிறென்று கூட்டினால் தூசி எல்லாம் எழும்பி பிள்ளையின் மூக்குக்குத்தான் போகும். ஆனால் வெறும் தரையை ஈரத் துணியால் துடைத்துத் தூசியை வாளித் தண்ணீரோடு வெளியே ஊற்றிவிடலாம். காபட்டில் அது நடக்காது. குளிர் நாட்டில், காற்று உலர்ந்த வீட்டில், ஒழுங்காகப் பராமரிக்கும் காபட் வேறு. எங்கட உப்புக் காற்றில் கிடக்கும் காபட் வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. 2024 நவம்பர் வெள்ளத்தில் அம்பாறைக் கரையோரத்தில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று நமக்குத் தெரியும். நனைந்த காபட்டை ஓரிரு நாளுக்குள் முழுதாகக் காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அடைமழையில் எங்கே காயவைப்பது? சீமெந்தோ டைல்ஸோ என்றால் சேற்றைக் கழுவிவிட்டுக் குடியிருக்கலாம்.

"அப்ப பிளாஸ்டிக் காபட் போடலாமே, துடைக்கலாம்தானே" என்று ஒரு டீச்சர் கேட்டார். கடைகளில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருகிறார்களே, அது. விலை குறைவு, துடைப்பது லேசு. ஆனால் அதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அது பி.வி.சி. இயல்பில் அது விறைப்பான பொருள். சுருட்டும் அளவுக்கு மென்மையாக்க, பெரும்பாலும் தலேட் என்ற வகை இரசாயனங்களைக் கலந்து வந்தார்கள். அவை பி.வி.சி.யோடு இறுகப் பிணைவதில்லை. மெல்ல மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் சேரும். சுவீடனில் சுமார் 400 பிள்ளைகளின் வீட்டுத் தூசியைப் பரிசோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், அந்த வகையில் ஒன்று கூடிய வீடுகளில் ஆஸ்த்துமாவும், இன்னொன்று கூடிய வீடுகளில் மூக்கு ஒவ்வாமையும் தோல் அரிப்பும் பிள்ளைகளுக்கு அதிகம் காணப்பட்டன. இதுதான் காரணம் என்று அந்த ஓர் ஆய்வு நிறுவிவிடாது. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் 2020இலிருந்து நான்கு வகைத் தலேட்களுக்குப் பாவனைப் பொருட்களில் 0.1 வீதம் என்று எல்லை போட்டிருக்கிறது. எங்கள் கடையில் விற்கும் ரோலில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? தவழும் குழந்தை இருக்கும் அறையில், கடுமையாக மணக்கும் புது ரோலை விரிக்காதீர்கள். ஓரம் பொடியாகி உதிரும் பழையதைக் கழற்றிவிடுங்கள்.

டைல்ஸுக்கும் வேறு ஒரு விலை இருக்கிறது. அதை நாம் கொடுப்பதில்லை, டைல்ஸ் பதிக்கும் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் வேலை நடந்தபோது மேசனோடு வந்த கையாள் என்னிடம் படித்த பிள்ளை. ஹோலுக்குள் இருந்து கிரைண்டரால் டைல்ஸ் வெட்டினான். வெள்ளைப் புகை மாதிரித் தூள். தலைமுடி, கண் இமை எல்லாம் வெள்ளை. மூக்கில் ஒரு லேஞ்சி. நான் தேத்தண்ணீர் கொடுத்தேனே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் இறுகும். சிலிக்கோசிஸ் என்பார்கள், வந்தால் மாறாது. புற்றுநோயையும் ஏற்படுத்தும் என்று 1997லேயே உறுதிசெய்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றி வெட்டினால், வெளியில் வைத்து வெட்டினால், நல்ல மாஸ்க் போட்டால் பெரும்பகுதி தவிர்க்கலாம். ஒரு வாளி தண்ணீரும் ஒரு மாஸ்க்கும். வீட்டுக்காரர் சொன்னால் கேட்பார்கள். நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் பளபளப்பை வாங்குகிறோம்? எங்கட பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் எழுத விரும்பாத பதில் ஒன்று இருக்கிறது. இங்கே வீடு பெண்ணோடு போகிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்போது "டைல்ஸ் போட்டாச்சா?" என்ற கேள்வி வாயில் வராவிட்டாலும் கண்ணில் வரும். மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற வாப்பா கடன்பட்டு ஹோலுக்குக் கண்ணாடித் தரை போடுகிறார். காசு முடிந்துவிடும். பாத்ரூமில் பிடித்து எழும்ப ஒரு கம்பி போட, வாசலில் ஒரு லைட் போட மிச்சம் இருக்காது. வந்து பார்த்தவர்கள் அரை மணித்தியாலத்தில் போய்விடுவார்கள். அந்தத் தரையில் முப்பது வருடம் நடக்கப் போவது அந்தப் பெண்ணும், அவளோடு இருக்கப் போகும் உம்மாவும்தான். பெண் பார்க்கப் போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த தடவை ஒரு வீட்டுக்குப் போனால் தரையைப் பார்க்காதீர்கள். சீதன வீடே வேண்டாம் என்று சொல்லும் தைரியம் வருகிற வரைக்கும், குறைந்தது இதையாவது செய்யுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு விதமான தரை தேவைப்பட்டது. உம்மாவுக்கு வழுக்கக்கூடாது. மகளுக்குத் தூசி தங்கக்கூடாது. காபட்டா டைல்ஸா என்று முழு வீட்டுக்கும் ஒரே முடிவு எடுக்கப் போனதுதான் எங்கள் பிழை. இடத்துக்கு இடம் பார்த்தோம். முடிவில் இவ்வளவும் செய்தோம்:

1. முழு வீட்டையும் உடைக்கவில்லை. பாத்ரூமுக்குள்ளும் வாசலிலிருந்து உம்மாவின் கட்டில் வரைக்கும் மட்டும் பழையதைக் கழற்றி, பளபளப்பில்லாத சொரசொரப்பு டைல்ஸ் போட்டோம். வழுக்கலுக்கு ஜேர்மனியில் உருவாக்கிய அளவு ஒன்று இருக்கிறது. ஆர் 9 பிடிப்புக் குறைந்தது, ஆர் 13 கூடியது. ஈரம் படும் இடத்துக்கு ஆர் 10 அல்லது ஆர் 11 கேளுங்கள். வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று வேறு அளவு உண்டு, அதில் சிதான் கூடிய பிடிப்பு. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் ஒரு டைல்ஸைக் கீழே வைத்து, சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, எதையாவது பிடித்துக்கொண்டு வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள்.

2. பாத்ரூம் சுவரில் இரண்டு இடத்தில் கைப்பிடிக் கம்பி. வுழூ செய்ய உம்மாவுக்கு ஒரு கதிரை.

3. இரவு முழுக்க எரியும் ஒரு சின்ன லைட். மின்சாரச் செலவு தெரியவே தெரியாது.

4. பாத்ரூம் வாசலில் அடியில் இறப்பர் பிடிப்புள்ள கால்துடைப்பம். சும்மா ஒரு பழைய துணியைப் போடாதீர்கள். அது வழுக்கும், ஓரம் மடிந்தால் கால் தடக்கும்.

5. அறையில் காபட் இல்லை. பன்பாய்தான். காலையில் எடுத்து உதறி வெயிலில் போடலாம். தலையணை உறை, போர்வை, முஸல்லா எல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை சுடுநீரில்.

6. கூட்டுவதற்கு முன் தரையைச் சற்று ஈரத் துணியால் துடைப்பது. துடைத்த பின் காயும் வரை உம்மாவை எழும்ப விடுவதில்லை.

பாயைப் பழசு என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று. அனஸ் (ரழி) அவர்களின் வீட்டில் நீண்டகாலம் பாவித்துக் கறுத்துப்போன ஒரு பாயில் அவர் தண்ணீர் தெளித்துக் கொடுக்க, நபி (ஸல்) அவர்கள் அதில் நின்று தொழுவித்த செய்தி புகாரியில் இருக்கிறது. கழுவக்கூடிய, காயவைக்கக்கூடிய எளிய விரிப்பு.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் சகோதரர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். ஸுஜூதில் நெற்றியும் மூக்கும் காபட்டில் நேராகப் படுகின்றன. முட்டு வருத்தம் உள்ள ஒரு பிள்ளைக்கு அது என்ன என்று யோசியுங்கள். இருக்கும் காபட்டை எறியச் சொல்லவில்லை. நல்ல வடிகட்டியுள்ள வெக்யூம், ஒழுங்கான சலவை, ஜன்னலைத் திறந்து காற்று. புதிதாகப் போடுவதென்றால் கழற்றிக் கழுவக்கூடிய துண்டுகளாகப் போடலாம். வுழூ செய்யும் இடத்திலிருந்து உள்ளே வரும் வழியில் பளபளப்பு டைல்ஸ் வேண்டவே வேண்டாம். அங்கே எத்தனை வயதானவர்கள் ஈரக்காலோடு நடக்கிறார்கள்.

கடைசியாக நானாவின் காபட். அதைச் சுருட்டி ஸ்டோர் அறையில் வைத்ததை அவருக்குச் சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நான் இஞ்ச வெயிலுக்க நிண்டு உழைச்ச காசு தங்கச்சி. உம்மாக்கு ஒண்டும் செய்ய ஏலாம இருக்கனே எண்டுதான் அனுப்பின."

"தெரியும் நானா."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த மாதம் அவர் அனுப்பிய காசில்தான் கைப்பிடிக் கம்பியும் புது டைல்ஸும் போட்டோம். ஒவ்வொரு சுபஹுக்கும் உம்மா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் கால் கழுவுகிறார், மகனுக்குத் துஆ கேட்கிறார். மகளுக்கு இரவு இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. முழுதாகப் போகவில்லை, இன்ஹேலர் இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது. நானா லீவில் வரும்போது காபட்டை என்ன செய்வது என்று அவரே முடிவு செய்யட்டும்.

இதை வாசித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பாத்ரூமில் காலை நனைத்துக்கொண்டு, லைட்டை அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி வாசலில் ஓர் அடி வையுங்கள். உங்கள் உம்மா ஒவ்வொரு விடியலிலும் வைக்கிற அடி அது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை அனுப்பி விடுங்கள். உம்மாவுக்காக துஆ செய்யுங்கள்.